வடைச் சட்டி எண்ணெயில் ஓடும் பக்கி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் டீசல் வண்டி காமன் ரெயில் இன்ஜின் உள்ளதாக இருந்தால், சமையல் எண்ணெய் ஊற்றும் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். கடந்த இருபது வருஷத்தில் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். அதன் டீசல் பம்ப் ஆயிரம் பாருக்கு மேல் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல்) அழுத்தம் கொடுத்து, மயிரிழை போன்ற துளைகள் வழியாக டீசலைப் பீய்ச்சுகிறது. எண்ணெயின் பிசுபிசுப்பை அது தாங்காது. எங்கள் வட்டாரத்தில் ஒருவர், பாதிக்குப் பாதி கலந்தால் ஒன்றும் ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தன் புது டபுள் கேப் பிக்கப்பில் ஊற்றினார். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கும் போயின. அந்தச் செலவுக்கு அவர் நிம்மதியாக டீசலே அடித்திருக்கலாம்.

என்னுடையது 1996 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ், 2.4 டீசல். தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டியைப் பக்கி என்பார்கள். நானும் மனைவியும் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, காரியம், கோயில் விசேஷம் எல்லாம் உண்டு. தைப்பூசக் காவடி வந்தால் தூக்கம் போச்சு. ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் திருவிழா வந்தால் அதே கதை. வடை, சமோசா, பூரி, பாத்தா, அப்பளம் என்று எல்லாமே பொரிப்பதுதான். பாத்தா தெரியாதவர்களுக்கு: சேப்பங்கிழங்கு இலையில் மாவைத் தடவிச் சுருட்டி, வேகவைத்து, வில்லை போட்டுப் பொரிப்பது. டர்பன் கோயில் விருந்தில் பூரியும் பாத்தாவும் இல்லாவிட்டால் ஆட்கள் நம்மைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

ஆக, கொல்லையில் பழைய எண்ணெய் டின் டின்னாகச் சேரும். இன்னொரு பக்கம், அண்டாவும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க், அதற்கு மேல் மூயி ரிவர் வரைக்கும் போய் வருவதில் டீசல் பில் ஏறும். இங்கே எரிபொருள் விலை மாதாமாதம் முதல் புதன்கிழமை மாறும். குறைந்ததைவிட ஏறிய புதன்கிழமைகள்தான் நினைவில் நிற்கின்றன.

வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணா சாட்ஸ்வொர்த்திலேயே பிறந்து வளர்ந்தவர். பாட்டியிடம் கேட்டுப் பழகிய தமிழ், அதனால் பேச்சு சுருக்கமாக இருக்கும். என் யோசனையைக் கேட்டுவிட்டு, "தம்பி, இந்த இன்ஜினுக்கு எண்ணெய் போட்டா ஓடும். எத்தனை நாளு ஓடும், அதுதான் கேள்வி" என்றார்.

விஷயம் முழுக்க அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. டீசல் இன்ஜின் தாவர எண்ணெயில் ஓடுமா என்பதற்கு 1900-லேயே பதில் வந்துவிட்டது. பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஓடுவது பெரிய காரியம் இல்லை. கெடாமல் ஓட வேண்டும்.

எந்த இன்ஜின் ஏற்றது என்பதற்கு அண்ணா சொன்ன அடையாளங்கள் எளிமையானவை. பம்ப் முழுக்க மெக்கானிக்கலாக இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் கட்டுப்பாடு கூடாது. இன்டைரக்ட் இன்ஜெக்ஷனாக இருந்தால் உத்தமம். அதாவது டீசல் நேராக பிஸ்டன் தலையில் விழாமல், பக்கத்தில் ஒரு சின்ன அறைக்குள் பீய்ச்சப்பட்டு அங்கே பற்றிக்கொள்ளும். சூடான சின்ன அறை என்பதால் கொஞ்சம் பெரிய துளிகளும் எரிந்துவிடும். பழைய ஹைலக்ஸ், பழைய மெர்சிடிஸ் டீசல் எல்லாம் இந்த ரகம். எந்த வண்டியானாலும் மாற்றத்தில் கை வைக்கும் முன் இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறதா என்று கம்ப்ரஷன் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த இன்ஜினில் எண்ணெய் ஊற்றுவது, தேய்மானத்தைச் சீக்கிரம் முடித்து வைக்கும் வழி.

வண்டியை மாற்றும் வேலையைப் பற்றித்தான் எல்லோரும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். உண்மையில் அது சின்ன வேலை. சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் தடிப்பு. 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்தத் தடிப்பு 40 டிகிரியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அப்போதும் டீசலைவிடத் தடிப்புத்தான், ஆனால் இன்ஜெக்டர் அதைச் சிதறடித்துத் தெளிக்க முடியும். இவ்வளவுதான் தத்துவம். இன்ஜின் சூடேறும்வரை டீசல், அப்புறம் எண்ணெய்; அதற்குத்தான் இரண்டு டேங்க். டீசல் டேங்க் பழைய இடத்திலேயே இருக்கும். பின்னால் சாமான் ஏற்றும் இடத்தில், கேபினை ஒட்டி, எண்ணெய்க்கு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க். ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினோம்.

இன்ஜினைக் குளிர்வித்துச் சூடாகி வரும் கூலன்ட் நீர் கேபின் ஹீட்டருக்குப் போகும் ஹோஸிலிருந்து ஒரு கிளை எடுத்து, அந்த டேங்குக்குள் சுருள் குழாயாகச் சுற்றி, அங்கிருந்து எண்ணெய் ஃபில்டரையும் சூடாக்கிக்கொண்டு திரும்பி வரும்படி செய்திருக்கிறார் அண்ணா. பம்புக்கு முன்னால், அதே சூட்டை எண்ணெய்க்குக் கடத்த ஒரு சின்ன ஹீட் எக்ஸ்சேஞ்சர். எந்த டேங்கிலிருந்து உறிஞ்ச வேண்டும் என்பதற்கு மின்சாரத்தில் இயங்கும் ஒரு சோலனாய்டு வால்வு, பம்பிலிருந்து மிஞ்சி வருவது எந்த டேங்குக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு இன்னொன்று. டாஷ்போர்டில் இரண்டு சுவிட்சு, ஒரு வெப்பமானி.

இரண்டு வால்வுக்கும் ஒரே சுவிட்சு வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. வண்டியை நிறுத்தும் முன் டீசலுக்கு மாற்றும்போது, பம்பிலும் குழாயிலும் இன்னும் எண்ணெய் நிற்கும். திரும்பும் வழியையும் உடனே டீசலுக்கு மாற்றினால் அத்தனையும் டீசல் டேங்கில் போய் விழும். அதனால் முதலில் உறிஞ்சும் வழி, ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடிய பிறகு திரும்பும் வழி. எண்ணெய் டேங்கில் கொஞ்சம் டீசல் சேர்வதால் நஷ்டம் இல்லை. தலைகீழாக நடந்தால் மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடிக்கும்.

ஓட்டும் முறை இதுதான்: டீசலில் கிளப்பு, எண்ணெய் 70 டிகிரியைத் தாண்டும்வரை டீசலிலேயே போ, அப்புறம் சுவிட்சு. சேர வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே டீசலுக்குத் திரும்பு. எங்கள் வீட்டிலிருந்து N3 நெடுஞ்சாலை ஏறி பைன்டவுன் மேட்டைத் தாண்டும்போதுதான் வெப்பமானி அந்த அளவுக்கு வரும். அதன் பிறகு பாரம் ஏற்றிய வண்டி ஏற்றத்தில் இழுக்க இழுக்க இன்ஜின் நன்றாகச் சூடேறி, எண்ணெய் மிச்சமில்லாமல் எரியும். சத்தம்கூட டீசலைவிடக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். இழுவையில் லேசான குறை, குடிப்பதில் கொஞ்சம் கூடுதல்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று பத்துப் பத்து நிமிஷமாக ஓடும் வண்டிக்கு இது உதவாது. எண்ணெய் சூடேறுவதற்குள் ஊர் வந்துவிடும். நான் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது சுவிட்சைத் தொடுவதே இல்லை.

மாற்று வேலையில் நாங்கள் கற்ற நுணுக்கங்கள் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, எண்ணெய் போகும் வழியில் செம்பு எங்கும் கூடாது. சுருள் குழாய்க்குச் செம்பு வளைக்க எளிது, சூடும் நன்றாகக் கடத்தும். ஆனால் செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுப் பிசினாகும். இரண்டு, பம்புக்கு முன்னால் கையளவு ஒளி ஊடுருவும் ஹோஸ் போட்டு வையுங்கள். எங்காவது கிளாம்ப் தளர்ந்து காற்று இழுத்தால் அந்தக் குழாயில் குமிழி ஓடும். பானட்டைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் வண்டி ஏன் திக்கித் திணறுகிறது என்று அரை நாள் தேட வேண்டும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். வேலையில் முக்கால்வாசி இங்கேதான்.

பொரித்த எண்ணெயில் மூன்று எதிரிகள்: கசண்டு, தண்ணீர், காறல். கசண்டு கண்ணுக்குத் தெரியும். சூடு ஆறிய எண்ணெயை 210 லிட்டர் டிரம்மில் ஊற்றி, வெயில் படும் இடத்தில் சில வாரம் அசைக்காமல் விட்டுவிடுவேன். மாவும் கருகலும் தண்ணீரும் அடியில் இறங்கும். எடுக்கும்போது அடிக்குழாயில் எடுக்கக் கூடாது, மேலிருந்து எடுக்க வேண்டும். பழைய வேட்டித் துணியில் ஒரு வடிகட்டல், அப்புறம் 5 மைக்ரான் பை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கடைசியில் 1 மைக்ரான். பம்ப் வைத்து அழுத்தித் தள்ளினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பைக்குள் நிற்க வேண்டியதெல்லாம் கூடவே வந்துவிடும். தானாக இறங்கட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது.

தண்ணீர்தான் மோசமான எதிரி. பம்புக்குள்ளும் இன்ஜெக்டருக்குள்ளும் துருவை உண்டாக்குவது அதுதான். எண்ணெய் பளிச்சென்று தெளிவாக இருந்தாலும் அதில் தண்ணீர் கரைந்திருக்கலாம். கண்டுபிடிக்கச் சமையல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலி இரும்பு வாணலியை நன்றாகக் காய வைத்து, ஒரு கரண்டி எண்ணெயை விட்டுக் கவனியுங்கள். பேசாமல் புகைந்தால் சரி. ஓரத்தில் ஊசி முனை அளவு குமிழி கிளம்பி நின்றுவிட்டால் இன்னும் சில நாள் வெயிலில் இருக்கட்டும். சடசடவென்று வெடித்தால் அந்த டிரம்மை வண்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு டிரம்முக்கும் இதைச் செய்கிறேன், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. தண்ணீரை விரட்ட எண்ணெயை 60 டிகிரிக்கு லேசாகச் சூடாக்கி மறுபடி தெளிய விடுவது பலன் தரும். கொதிக்கவிட்டால் அடியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, எண்ணெயை மொத்தமாக மேலே தூக்கி எறியும்.

காறல் என்பது எண்ணெய் புளித்துப்போவது. திரும்பத் திரும்பப் பொரிக்கப் பொரிக்க அமிலம் ஏறும், அந்த அமிலம் பம்ப் உலோகத்தை அரிக்கும். மூக்கு ஓரளவு சொல்லும். நிச்சயமாகத் தெரிய ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு கிராம் காஸ்டிக் சோடா கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கலக்கி, நிறம் மாறிக் காட்டும் ஃபினாப்தலின் திரவம் இரண்டு சொட்டு விட்டு, அந்தக் காஸ்டிக் நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் வந்து மாறாமல் நிற்கும்வரை எத்தனை மில்லி போயிற்று என்று பாருங்கள். 3 மில்லிக்குள் என்றால் என் பக்கிக்கு ஊற்றுவேன். அதற்கு மேல் என்றால் ஒதுக்கிவிடுவேன். காஸ்டிக்கைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

சைவச் சமையல் எண்ணெய் என்பது எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. சிப்ஸ் கடை, மீன் கடை எண்ணெய் சும்மாவே கொடுத்தாலும் நான் எடுப்பதில்லை. அங்கே பெரும்பாலும் பாமாயில், கூடவே கோழிக் கொழுப்பும் மீன் கொழுப்பும் கலந்திருக்கும். டர்பன் வெயிலில் அது தண்ணீர் மாதிரி ஓடும். மூயி ரிவர் பக்கம், இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், புல்லெல்லாம் உறைபனி. அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போய் இரவு தங்கினால், காலையில் டேங்குக்குள் நெய்க்கட்டி மாதிரி உறைந்து கிடக்கும். நாங்கள் பொரிக்கும் சூரியகாந்தி எண்ணெய் அவ்வளவு சுலபத்தில் உறையாது.

எந்த எண்ணெய் எப்படி என்று பார்க்க, ஒரு பாட்டிலில் ஊற்றி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். காலையில் கலங்கி நின்றாலோ கெட்டிப்பட்டாலோ அது குளிர்காலத்துக்கு ஆகாது. ஒப்பிட்டுப் பார்க்க மீன் கடை எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். "ஏங்க, பூஜைக்கு மாவு அரைச்சு வைக்கிற ஃபிரிட்ஜுல இதுவா?" என்று மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள். கடைசியில் அண்ணாவின் பட்டறையில் பீர் பாட்டில்களுக்கு நடுவில் அந்தச் சோதனை நடந்தது.

சூரியகாந்தி என்றால் எல்லாம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு வேறு ஒரு குணம் உண்டு. காற்றும் சூடும் பட்டால் மெல்லப் பிசினாகி, வார்னிஷ் மாதிரி காய்ந்துவிடும். அடுப்பு மேடை ஓரத்தில் துடைக்காமல் விட்ட எண்ணெய் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறதே, அதேதான். திறந்த டிரம்மில் நாள்பட்டால் மேலே ஆடை கட்டும். இன்ஜெக்டர் முனையிலும் பிஸ்டன் ரிங்கிலும் இதே சமாச்சாரம் நடந்தால் என்ன ஆகும்?

இதற்குப் பதில் தேடியவர்கள் இந்த நாட்டுக்காரர்களே என்பது பலருக்குத் தெரியாது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்காவுக்குக் கச்சா எண்ணெய் பெரும்பாலும் ஈரானிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1979-ல் அங்கே புரட்சி நடந்ததும் அந்த வழி அடைபட்டது. நிலக்கரியிலிருந்து பெட்ரோல், டீசல் எடுக்கும் சசோல் ஆலைகளைப் பெரிதாக்கியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இங்கே விளையும் சூரியகாந்தியை டிராக்டருக்கு ஊற்றிப் பார்த்தார்கள் வேளாண் பொறியாளர்கள். வெறும் எண்ணெயில் டிராக்டர் அழகாக ஓடியது. ஆனால் போகப் போக இன்ஜெக்டரில் கரி கட்டியது. எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்து எஸ்டராக மாற்றினால் அந்தத் தொல்லை தீர்கிறது என்று கண்டார்கள். இப்போது பயோடீசல் என்கிறோமே, அதுதான். 1983 வாக்கில் முழு முறையையும் வெளியிட்டார்கள். காஸ்கோக்ஸ் என்ற ஆஸ்திரிய நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி, 1987-ல் சோதனை ஆலையும் 1989-ல் பெரிய ஆலையும் அமைத்தது.

டிராக்டரில் அவர்கள் கண்ட கரியை அண்ணா எனக்கு நேரில் காட்டினார். வேறொருவருடைய வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜெக்டர். எண்ணெயைச் சூடாக்காமலே ஓட்டியிருக்கிறார்கள். முனையைச் சுற்றிக் கரி பூ மாதிரி விரிந்து, நடுவில் துளை பாதி மூடிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை, கத்தி தேவைப்பட்டது.

அதனால் எங்கள் வழக்கம் இது. இன்ஜின் ஆயிலைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுகிறோம். எரியாத எண்ணெய் ரிங் வழியாகக் கசிந்து இன்ஜின் ஆயிலோடு சேர்ந்தால், ஒரு கட்டத்தில் எல்லாம் கூழாகிவிடும். அப்படி ஆனால் இன்ஜின் அவ்வளவுதான். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைகிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். எண்ணெய் வண்டிக்காரன் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும், விரலில் தொட்டு நூல் மாதிரி இழுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர்களை அவ்வப்போது கழற்றி டீசல் பம்ப் கடையில் தெளிப்பைச் சோதித்துக்கொள்கிறோம். வண்டி சில வாரம் நிற்கப்போகிறது என்றால் எண்ணெய் டேங்கைக் காலி செய்துவிடுவேன். எண்ணெய் ஃபில்டர் ஒன்று எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கும்.

அப்படியானால் பயோடீசலே செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். வண்டியில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு எண்ணெயின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு மெத்தனால் வேண்டும். மெத்தனால் விஷம், ஆவி மூக்கில் ஏறினாலே கேடு, சுடர் தெரியாமல் எரியும். எங்கள் கொல்லையிலோ எப்போதும் நாலு கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், பேரப்பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் ஒரே இடத்தில் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தனி ஷெட், காற்றோட்டம், கெமிஸ்ட்ரி தெரிந்த ஆள் இருந்தால் அது வேறு.

பணக் கணக்கு? முன்பெல்லாம் கடைக்காரர்கள் பழைய எண்ணெயைக் கொண்டுபோனால் போதும் என்பார்கள். இப்போது லிட்டருக்கு விலை கொடுத்து வாங்க ஆள் வருகிறார்கள். பயோடீசல் ஆலைகளுக்கும் ஐரோப்பாவுக்கும் அது போகிறது. காசு கொடுத்து வாங்கி, வடிகட்டி, ஃபில்டர் மாற்றி, ஆயில் மாற்றி ஓட்டினால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. சொந்தச் சட்டியில் எண்ணெய் மிஞ்சுகிறவனுக்குத்தான் இது கட்டுப்படியாகும். அதிலும் நம் உழைப்புக்குக் கூலி போட்டால் கட்டாது. வாங்க வருகிறவர்களிலும் ஒரு சிலர் கருத்த எண்ணெயை வெளுக்க வைத்து, ஏழைகள் வாழும் பகுதிகளில் சமையலுக்கே திரும்ப விற்கிறார்கள். யார் என்று தெரியாதவருக்கு நான் ஒரு டின்கூடக் கொடுப்பதில்லை. அந்த எண்ணெய் என் வண்டி இன்ஜினுக்குள் எரிந்து தொலையட்டும், யார் வயிற்றிலும் போக வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தைப் பற்றி எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பிறகு விபத்து என்று வரும்போது இரண்டாவது டேங்கைக் காட்டிப் பணம் தர மறுக்க வழி வைக்கக் கூடாது.

அடியில் தங்கிய கசண்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துத் தெருவே நாறும். மரத்தூளில் கலந்து, கெட்டியாக்கி, கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கிறோம். வடிகட்டிய துணிகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். சூரியகாந்தி எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் குவித்து வைத்தால், உள்ளே தானாகச் சூடேறி, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள். முடியாவிட்டால் மூடி உள்ள இரும்பு வாளியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் அமுக்கி வையுங்கள், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி.